எடைக்குப் போகும் வரலாறு

சிரம்பானைச் சுற்றியுள்ள தாமான்களில் ஒரு சிறிய லோரி மெதுவாக ஊர்ந்து செல்வதைப் பலரும் பார்த்திருப்பர். “சூராட் காபார் லாமா, பெசி பூரோக்” என்று அதன் ஒலிபெருக்கி கூவும். பழைய நாளிதழ், உடைந்த மின்விசிறி, துருப்பிடித்த மிதிவண்டி எல்லாம் அந்த லோரியில் ஏறும். சில நாள்களில் பாட்டியின் பித்தளைக் குடமும் தாத்தாவின் தகரப் பெட்டியும் அதில் ஏறிவிடும். வியாபாரி அவற்றைத் தராசில் வைத்து எடைக்கு ஏற்ற பணத்தைக் கொடுப்பார். வீட்டில் இடம் கிடைத்ததென்று குடும்பத்தார் மகிழ்வர்.

அதே குடம் சில மாதங்களுக்குப் பின் ஒரு பழம்பொருள் கடையின் கண்ணாடிப் பேழையில் இருக்கக்கூடும். அப்போது அதன் விலையைத் தராசு முடிவு செய்வதில்லை. அது எந்தக் காலத்தைச் சேர்ந்தது, எங்கிருந்து வந்தது, யார் பயன்படுத்தியது என்ற செய்திகளே விலையை முடிவு செய்கின்றன. ஆனால், கடைக்காரருக்கு அந்தச் செய்திகள் தெரியாது. அவை லோரி வந்த நாளிலேயே பொருளை விட்டுப் பிரிந்துவிட்டன. பழம்பொருளை வாங்குவோரும் விற்போரும் முதலில் உணர வேண்டிய உண்மை இது.

பழம்பொருள் என்பது எது?

பழையதெல்லாம் பழம்பொருள் ஆகிவிடாது. உலகச் சந்தையில் பொதுவாக நூறு ஆண்டுகளைக் கடந்த பொருளைத் தொன்மைப்பொருள் என்பர். அதைவிட இளையதாய், ஆயினும் ஒரு தலைமுறைக்கு முந்தைய காலத்தின் அடையாளத்தைத் தாங்கி நிற்பதைப் பழங்காலப் பொருள் என்பர். இவ்விரண்டிலும் சேராதது வெறும் பழைய சாமான். 1950ஆம் ஆண்டுகளில் வாங்கிய கிராமபோன் ஒரு பழங்காலப் பொருள். சென்ற ஆண்டு பழுதான வானொலி பழைய சாமான்தான்.

ஒரு பொருளின் மதிப்பு வயதால் மட்டும் உயர்வதில்லை. அது அரிதாகக் கிடைக்கிறதா, நல்ல நிலையில் உள்ளதா, அழகும் வேலைப்பாடும் கொண்டதா, அதன் பின்னணி தெரிகிறதா என்பவையும் கணக்கில் கொள்ளப்படும். இவற்றுள் பின்னணியே பெரும்பாலும் மறக்கப்படுகிறது. ஒரு பொருள் யாரிடமிருந்து யாரிடம் வந்தது என்னும் வழித்தடத்தை அதன் ‘வரலாற்றுச் சங்கிலி’ எனலாம். சங்கிலி அறுந்துவிட்டால் பொருள் ஊமையாகிவிடும்.

பழைய சாமானும் சந்தையும்

பழம்பொருள் சந்தைகளில் உலகப் புகழ்பெற்றது பாரிஸ் நகரின் எல்லையில் உள்ள செந்துவான் சந்தை. 19ஆம் நூற்றாண்டில் பாரிஸ் நகரின் குப்பைகளைக் கிளறிக் கந்தல் துணியும் உடைந்த பொருளும் சேகரித்து விற்ற ஏழைகள் நகர மதிலுக்கு வெளியே துரத்தப்பட்டனர். அங்கே அவர்கள் விரித்த கடைகளே பின்னாளில் பெரிய சந்தையாக வளர்ந்தன. அவர்கள் விற்ற பழைய மெத்தைகளிலும் துணிகளிலும் தெள்ளுப்பூச்சி இருக்கும் என்று கேலி பேசிய மக்கள், அதனைத் ‘தெள்ளுப்பூச்சிச் சந்தை’ என்று அழைத்தனர். இன்று அங்கே உலகெங்கிலுமிருந்து செல்வர்களும் சுற்றுப்பயணிகளும் வருகின்றனர். ஒரு காலத்தில் குப்பையென ஒதுக்கப்பட்ட பொருள், அதன் அருமை அறிந்தவர் கைக்கு வந்ததும் செல்வமாகிவிட்டது.

மலேசியாவில் இத்தகைய சந்தையைப் ‘பாசார் காராட்’ என்று மலாய் மொழியில் அழைப்பர். காராட் என்றால் துரு. துருச் சந்தை என்பது அதன் பொருள். பினாங்கில் லோரோங் கூலிட் காலைச் சந்தை இவ்வகையில் பெயர் பெற்றது. பெட்டாலிங் ஜெயாவில் உள்ள அம்கோர்ப் பேரங்காடியில் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடும் பழம்பொருள் சந்தைக்குச் சிரம்பான்வாசிகளும் சென்று வரலாம். மலாக்காவின் ஜோங்கர் தெருவிலோ நிரந்தரமான பழம்பொருள் கடைகள் உண்டு. பழைய நாணயம், தபால் தலை, கடிகாரம், பீங்கான், இசைத்தட்டு, விளம்பரப் பலகை ஆகியவை இவ்விடங்களில் விற்கப்படுகின்றன.

தமிழர்களின் பழம்பொருள் சந்தை என்றால் தமிழ்நாட்டின் காரைக்குடியைக் குறிப்பிட வேண்டும். அங்குள்ள முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக அமைந்துள்ளன. பர்மாத் தேக்கில் செதுக்கிய கதவு, பெல்ஜியம் கண்ணாடி, ஸ்வீடன், ஜப்பான் நாடுகளின் எனாமல் பாத்திரம், மரப்பாச்சி பொம்மை, பித்தளைப் பூட்டு எனப் பலவும் அக்கடைகளில் அடுக்கப்பட்டிருக்கும். ஸ்வீடனில் செய்த தூக்குப் பாத்திரம் செட்டிநாட்டு ஊருக்கு எப்படி வந்தது? இக்கேள்விக்கான விடையில் மலாயாவுக்கும் பங்கு உண்டு. நாட்டுக்கோட்டை நகரத்தார்கள் பர்மா, இலங்கை, மலாயா ஆகிய நாடுகளில் வட்டித் தொழில் நடத்தினர். மலாயாவில் ரப்பர்த் தோட்டங்களுக்கும் ஈயச் சுரங்கங்களுக்கும் கடன் கொடுத்தனர். அங்கு ஈட்டிய பணத்தில் சொந்த ஊரில் அரண்மனை போன்ற வீடுகளைக் கட்டினர். பெண்ணுக்குச் சீராகக் கொடுக்க வெளிநாட்டுப் பாத்திரங்களை வாங்கிக் குவித்தனர். பின்னர், வீடுகள் பல பங்காளிகளுக்குச் சொந்தமாகி, பராமரிக்க இயலாத நிலை வந்தபோது, சில வீடுகள் இடிக்கப்பட்டன. கதவும் தூணும் பாத்திரமும் கடைத்தெருவுக்கு வந்தன.

ஆக, காரைக்குடிக் கடையில் இருக்கும் எனாமல் பாத்திரத்துக்கும் மலாயாத் தோட்டத்துக்கும் ஒரு தொடர்பு இருக்கக்கூடும். செட்டிநாட்டு வீட்டுப் பொருளுக்கு இன்று உலகெங்கும் மதிப்பு உண்டு. தோட்டத்தில் உழைத்த தொழிலாளியின் வீட்டுப் பொருளுக்கு அத்தகைய மதிப்பு இன்னும் கிடைக்கவில்லை.

தோட்டத்துப் பொருள்கள் கூறும் கதை

ரப்பர்க் கன்றுகள் 1877இல் சிங்கப்பூர் வழியாக மலாயாவுக்கு வந்தன. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மோட்டார் வண்டிகள் பெருகியதும் ரப்பருக்குத் தேவை உயர்ந்தது. நெகிரி செம்பிலானில் லாபு, ரந்தாவ், மந்தின், நீலாய் முதலிய வட்டாரங்களில் காடுகள் தோட்டங்களாயின. தமிழ்நாட்டிலிருந்து தொழிலாளர்கள் வரவழைக்கப்பட்டனர். ஒப்பந்தக் கூலிமுறை 1910இல் நிறுத்தப்பட்டது. கங்காணி வழியாக ஆள் சேர்க்கும் முறையும் 1938இல் முடிவுக்கு வந்தது. அதற்குள் தமிழர்கள் பல்லாயிரவர் தோட்டத்து லயங்களில் குடியேறிவிட்டனர்.

அவர்களுள் பெரும்பாலோர் நாட்குறிப்பு எழுதவில்லை. நூல் எழுதவில்லை. அவர்களைப் பற்றித் தோட்ட நிருவாகம் எழுதிய கணக்குகள் உண்டு. ஆனால், அவர்கள் தம்மைப் பற்றித் தாமே எழுதியவை மிகக் குறைவு. எனவே, அவர்கள் கையாண்ட பொருள்களே அவர்களது வாழ்வுக்குச் சான்றாக நிற்கின்றன.

பால்மரம் சீவும் உளியை எடுத்துக்கொள்வோம். அதன் முனை வளைந்திருக்கும். மரத்தின் உள் அடுக்கைக் காயப்படுத்தாமல் பட்டையை மெல்லியதாகச் சீவ அந்த வளைவு உதவும். ஆழமாகச் சீவினால் மரம் கெடும். மேலோட்டமாகச் சீவினால் பால் வராது. பல ஆண்டுகள் பயன்படுத்திய உளியின் மரப்பிடியில் உள்ளங்கை பட்ட இடம் மட்டும் வழுவழுப்பாகத் தேய்ந்திருக்கும். ஒரு மனிதரின் திறமையும் உழைப்பும் அந்தத் தேய்மானத்தில் பதிந்துள்ளன.

மரத்தில் கட்டிப் பாலைப் பிடிக்கும் கிண்ணத்துக்கு மங்கு என்று பெயர். மங்கு என்பது ‘மங்கோக்’ என்னும் மலாய்ச் சொல்லிலிருந்து தோட்டத் தமிழில் கலந்தது. களிமண், கண்ணாடி, அலுமினியம் எனப் பல பொருள்களால் செய்த மங்குகள் இருந்தன. பின்னர் நெகிழி மங்குகள் வந்தன. தோளில் கம்பு வைத்து இருபுறமும் வாளி தொங்கவிட்டுப் பால் சுமக்கும் முறையைக் ‘காண்டா’ என்றனர். அதுவும் மலாய் வழி வந்த சொல்லே. பொருள் மறைந்தால் அதனோடு சேர்ந்து இச்சொற்களும் மறைந்துவிடும்.

விடியுமுன் வெட்டுக்குச் செல்வோர் கார்பைட் விளக்கை நெற்றியில் கட்டிக்கொள்வர். அதன் அடிப்பகுதியில் கார்பைட் கட்டிகள் இருக்கும். மேற்பகுதியிலிருந்து நீர் சொட்டுச் சொட்டாக விழும். இரண்டும் கலந்ததும் உண்டாகும் வாயு எரிந்து வெளிச்சம் தரும். வெயில் ஏறுவதற்கு முன் சீவினால்தான் பால் நன்கு வடியும். ஆகையால், தொழிலாளர்கள் இருட்டிலேயே பெரட்டுக்கு எழுந்தனர். ஒரு சிறிய விளக்கு அவர்களுடைய அன்றாட வாழ்க்கை முறையையே விளக்கிவிடுகிறது.

வீட்டுக்குள்ளும் இத்தகைய பொருள்கள் உண்டு. அம்மி, ஆட்டுக்கல், உரல், வெண்கலப் பானை, சுவரில் மாட்டிய சாமிப்படம், கப்பலில் வந்த தகரப் பெட்டி ஆகியவற்றைக் கூறலாம். ‘ரஜூலா’ கப்பலில் வந்தவர்களின் பெட்டிகள் சில குடும்பங்களில் இன்றும் உள்ளன. அக்கப்பல் 1926இல் கட்டப்பட்டது; தமிழகத்துக்கும் மலாயாவுக்கும் இடையே பல்லாண்டுகள் ஓடியது. இவற்றோடு, தொழிலாளர்களின் வருகையைக் குறித்த செக்ரோல் புத்தகம், சம்பளச் சீட்டு, தமிழ்ப்பள்ளி மாணவர் அட்டை போன்ற தாள்களும் அரிய சான்றுகளே. இரும்பை எடைபோட்டாவது வாங்குவர். தாள்களையோ குப்பையோடு எரித்துவிடுவர்.

ரப்பர் மரங்களை வெட்டிச் செம்பனை நட்டபோது மங்கும் உளியும் வேலையிழந்தன. தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறியபோது லயங்கள் இடிக்கப்பட்டன. தாமான் வீட்டில் உரலுக்கும் ஆட்டுக்கல்லுக்கும் இடமில்லை. இவ்வாறு ஒவ்வோர் இடமாற்றத்தின் போதும் சில பொருள்கள் கைவிடப்பட்டன.

உண்மையா, போலியா?

பழம்பொருள் வாங்க விரும்புவோர் ஆழம் தெரியாமல் காலை விடக் கூடாது. கடைக்காரர் கூறும் கதையை மட்டும் நம்பாமல், பொருளையே கேள்வி கேட்கப் பழக வேண்டும்.

முதலில் தேய்மானத்தைப் பார்க்க வேண்டும். உண்மையான பழைய பொருள், கைபடும் இடத்திலும் தரையில் உராயும் இடத்திலும் மட்டுமே தேயும். அம்மியின் நடுப்பகுதி குழிந்திருக்கும். ஓரம் அவ்வளவு தேயாது. எல்லா இடமும் ஒரே அளவாகத் தேய்ந்திருந்தால் ஐயம் கொள்ள வேண்டும். பித்தளையில் பச்சைக் களிம்பு எங்கும் சீராகப் படிந்திருந்தால், அது அமிலம் பூசி உண்டாக்கிய போலிப் பழமையாக இருக்கலாம்.

அடுத்து, பொருள் எதனால் ஆனது என்று பார்க்க வேண்டும். இதற்கு ஒரு சிறிய காந்தமே போதும். பித்தளையிலும் வெண்கலத்திலும் காந்தம் ஒட்டாது. ஒட்டினால், அது பித்தளை முலாம் பூசிய இரும்பு. எனாமல் பாத்திரம் என்பது இரும்பின்மேல் கண்ணாடிப் பூச்சு உருக்கிப் படியவைக்கப்பட்டது. ஆகவே, அதில் காந்தம் ஒட்ட வேண்டும். பூச்சு உதிர்ந்த இடத்தில் துரு தெரிவதும் இதனால்தான்.

மூன்றாவதாக, முத்திரையையும் எண்ணையும் தேட வேண்டும். பாத்திரத்தின் அடியில் நிறுவனத்தின் பெயரோ நாட்டின் பெயரோ இருக்கலாம். சிங்கர் தையல் இயந்திரத்தில் வரிசை எண் பொறிக்கப்பட்டிருக்கும். அந்த எண்ணைக் கொண்டு அது செய்யப்பட்ட ஆண்டைக் கண்டறியலாம். பழைய சாமிப்படம் வாங்குவோர் உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்துச் செல்வது நல்லது. கல்லச்சில் பதித்த பழைய படத்தில் வண்ணப் புள்ளிகள் ஒழுங்கின்றிக் கிடக்கும். இக்கால அச்சில் புள்ளிகள் வரிசை தவறாமல் அமைந்திருக்கும்.

பழமை வேறு, அருமை வேறு என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். ஜப்பானியர் ஆட்சிக்காலத்தில், 1942 முதல் 1945 வரை புழங்கிய ‘வாழைமரக் காசு’ இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பத்து வெள்ளி நோட்டில் வாழைமரம் அச்சிடப்பட்டிருந்ததால் அப்பெயர் வந்தது. போர் முடிந்ததும் அந்நோட்டுகள் மதிப்பிழந்தன. மூட்டை மூட்டையாக அச்சடிக்கப்பட்டதால் அவற்றுள் பெரும்பாலானவை இன்றும் எளிதில் கிடைக்கின்றன. எனவே, அவற்றைப் பெரும் விலை கொடுத்து வாங்குவது அறிவுடைமை ஆகாது. பிரிட்டிஷ் காலத்துச் சதுர வடிவ ஒரு காசு நாணயமும் அவ்வாறே. சில ஆண்டுகளில் வெளிவந்தவை மட்டுமே அரியவை, மற்றவை மலிவானவை.

வாங்கிய பின் பளபளப்பாக்க வேண்டும் என்ற ஆசையையும் அடக்க வேண்டும். அன்றாடம் புழங்கும் குடத்தைப் புளி போட்டுத் தேய்க்கலாம். நாணயத்தை அவ்வாறு தேய்த்தால் அதன் மேற்பரப்பு அழிந்து மதிப்புக் குறையும். பழைய தாள்களையும் நிழற்படங்களையும் நெகிழித் தாளில் வைத்து ஒட்டி மூடிவிடக் கூடாது. பின்னர் அவற்றைப் பிரித்தெடுக்க இயலாது. ஈரமும் வெயிலும் படாத இடத்தில் வைத்தாலே போதும்.

வாங்கக் கூடாதவை

விலை கொடுத்தால் எதையும் வாங்கலாம் என்று எண்ணுவது தவறு. சில பொருள்கள் தனி மனிதருக்குச் சொந்தமானவையல்ல. தமிழ்நாட்டின் அரியலூர் மாவட்டத்தில் ஸ்ரீபுரந்தான் என்னும் சிற்றூர் உள்ளது. அவ்வூர்க் கோயிலில் இருந்த சோழர் காலத்து நடராசர் செப்புத் திருமேனி திருடப்பட்டு வெளிநாட்டுக்குக் கடத்தப்பட்டது. ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடம் 2008இல் ஏறத்தாழ ஐம்பது இலட்சம் அமெரிக்க டாலர் கொடுத்து அதனை வாங்கியது. விற்றவர் காட்டிய பின்னணி ஆவணங்கள் போலியானவை என்று பின்னர்த் தெரியவந்தது. 2014இல் அத்திருமேனி இந்தியாவிடம் திருப்பி ஒப்படைக்கப்பட்டது. வல்லுநர்கள் நிறைந்த பெரிய கலைக்கூடமே வரலாற்றுச் சங்கிலியைச் சரிபார்க்கத் தவறியதால் பொருளையும் நற்பெயரையும் இழக்க நேர்ந்தது.

இதனால்தான் நாடுகள் சட்டம் இயற்றியுள்ளன. இந்தியாவின் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி, நூறு ஆண்டுகளுக்குக் குறையாத தொன்மைப்பொருளையும் எழுபத்தைந்து ஆண்டுகளுக்குக் குறையாத கையெழுத்துச் சுவடியையும் தனியார் எவரும் வெளிநாட்டுக்குக் கொண்டு செல்ல இயலாது. காரைக்குடியில் பொருள் வாங்கும் மலேசியச் சுற்றுப்பயணிகளும் இதை அறிந்திருக்க வேண்டும். மலேசியாவில் 2005ஆம் ஆண்டுத் தேசிய மரபுடைமைச் சட்டம் நடப்பில் உள்ளது. மரபுடைமைப் பொருளை உரிமம் இல்லாமல் நாட்டை விட்டு வெளியே கொண்டு செல்ல அச்சட்டம் இடமளிப்பதில்லை. மண்ணில் புதைந்த தொன்மையான பொருளைக் கண்டெடுப்பவர் அதை அதிகாரிகளிடம் தெரிவிக்க வேண்டும். தோட்டத்துக் கோயிலின் மணி, வேல், சிலை ஆகியவை ஊர் மக்கள் அனைவருக்கும் பொதுவானவை. அவை விற்பனைக்கு வந்தால், ‘இது எப்படி இங்கு வந்தது?’ என்று கேட்பதே முதல் கடமை.

ஓர் அட்டையும் பேனாவும்

பொருளைக் காப்பதற்குப் பெரும் செல்வம் தேவையில்லை. ஓர் அட்டையும் பேனாவும் இருந்தால் போதும். பொருளின் பெயர், அதனைப் பயன்படுத்தியவர், தோட்டத்தின் பெயர், ஏறத்தாழ எந்த ஆண்டு, எதற்குப் பயன்பட்டது ஆகிய ஐந்து செய்திகளை அட்டையில் எழுதிப் பொருளோடு கட்டிவைக்க வேண்டும். கைப்பேசியில் படம் எடுப்பதுடன், பாட்டி அதைப் பற்றிக் கூறுவதை ஒலிப்பதிவும் செய்யலாம். வெறும் மங்கு ஒரு கிண்ணம்தான். இன்ன தோட்டத்தில் இன்னார் கட்டிய மங்கு என்று எழுதப்பட்டுவிட்டால் அது வரலாற்றுச் சான்று.

வீட்டில் இடமில்லாதவர்கள் பள்ளியிலோ ஆலயத்திலோ ஒரு கண்ணாடி அலமாரி ஒதுக்கித் தரும்படி கேட்கலாம். சிரம்பானில் மாநில அரும்பொருளகமும் உள்ளது. அதன் வளாகத்தில் இஸ்தானா அம்பாங் திங்கி என்னும் 19ஆம் நூற்றாண்டு மர அரண்மனை நிற்கிறது. வேறோர் ஊரில் இருந்த அந்த அரண்மனை பெயர்த்தெடுக்கப்பட்டு இங்கே மீண்டும் எழுப்பப்பட்டது. ஓர் அரண்மனையையே பெயர்த்து வந்து காக்க முடியுமென்றால், ஓர் உளியையும் ஒரு விளக்கையும் காப்பது அரிய செயலன்று.

அடுத்த முறை அந்த லோரி தெருமுனையில் கூவும்போது, எல்லாவற்றையும் வீட்டிலேயே குவித்து வைக்க வேண்டும் என்பதில்லை. உடைந்த மின்விசிறி போகட்டும். ஆனால், பழைய பொருள் எதையும் தராசில் ஏற்றுவதற்கு முன், வீட்டிலுள்ள மூத்தவரிடம் ‘இது யாருடையது?’ என்று ஒரு முறை கேட்க வேண்டும். லோரி போன பின் அக்கேள்விக்கு விடை கிடைப்பதில்லை.